கோண்டாவில் கராஜில் உயிர் பெற்ற ஏ40

அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் காரை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு சின்னக் கராஜில் திருத்தக் கொடுத்தேன். 1952 முதல் 1954 வரை மட்டும் வந்த மொடல். 1200 சிசி என்ஜின், ஸ்ரியரிங்கோடு ஒட்டிய கியர். பெற்றோல் தடை இருந்த போர்க்காலத்தில் இந்த இனக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடித்தான் யாழ்ப்பாணத்தைச் சுமந்தன.

பழைய என்ஜின் இனித் தாங்காது என்று மெக்கானிக் அண்ணை நேராகவே சொல்லிவிட்டார். சரி, ஜப்பான் டீசல் என்ஜின் ஏறியது. சீற் பெல்ற்றும் பூட்டினார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அலோய் வீல் போடலாம் என்றபோது மறுத்துவிட்டேன். அந்த உருண்ட மட்கார்டுக்குக் கீழே இரும்பு வீலும் தொப்பியும்தான் சோமர்செற்.

தகரவேலைக்குத்தான் முழு மதிப்பெண். பட்டிப் பசை அப்பி மறைக்காமல், நெளிவை உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்தார்கள். கையால் தடவினால் பொனற்றின் வளைவு எங்கும் தடக்கவில்லை. கதவுகளுக்கு நடுத்தூணில் ஒளிந்திருக்கும் சிக்னல் கை பல வருடமாகச் செத்துக் கிடந்தது. அதன் சுருளைப் புதிதாகச் சுற்றி, இப்போது திரும்பும்போது டக்கென்று வெளியே நீண்டு மஞ்சளாய் எரிகிறது. என்ஜின் எதுவானாலும் இதைப் பார்த்தவுடனே சனம் "ஏ போட்டி!" என்கிறது; ஏ40 ஐத்தான் அப்படிச் சொல்வது.

குரோம் வேலை மட்டும் சொன்ன தவணைக்கு வரவில்லை, அதற்குப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. கூலி நியாயம். பழைய கார் வைத்திருப்பவர்கள் நம்பிக் கொடுக்கலாம். எதை மாற்றக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.