ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் 5.0: வெட் நைட்ரஸ் கிட்டா, ட்ரை கிட்டா?

நைட்ரஸ் கிட் என்பது இன்ஜின் திறனைக் கூட்ட நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் அமைப்பு. 1986–93 ஃபோர்டு மஸ்டாங்கைத் தெருவில் ஓட்டுபவருக்கு 75 குதிரைத்திறன் கூட்டும் வெட் கிட்தான் என் தேர்வு. நைட்ரஸை மட்டும் தெளிக்கும் ட்ரை கிட்டை மாட்டுவது எளிது. காற்று நுழையும் த்ராட்டில் பாடிக்கு முன்னால் ஒரு நாசில் போதும். ஆனால் கூடுதல் பெட்ரோலுக்கு ஃப்யூயல் பிரஷரை ஏற்றி, மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் தரும் கம்பெனி இன்ஜெக்டர்களையே நம்புகிறது. பழைய பம்ப் அங்கே திணறினால் கலவை லீனாகும் (பெட்ரோல் குறையும்), பிஸ்டன் உருகும்.

வெட் கிட் பெட்ரோலையும் சேர்த்தே தெளிக்கும். குறை: காற்றுக்கென்றே வளைத்த இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) குறைந்த ஆர்பிஎம்மில் பெட்ரோல் தேங்கி, பேக்ஃபயரில் மேனிஃபோல்டே வெடிக்கலாம். ஆகவே 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே திறக்காத விண்டோ ஸ்விட்ச், முழு த்ராட்டில் ஸ்விட்ச், ஃப்யூயல் பிரஷர் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் ஸ்விட்ச், மூன்றும் கட்டாயம். நைட்ரஸ் பாட்டில் அழுத்தம் 900–950 பிஎஸ்ஐ. ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போட்டு, இக்னிஷன் டைமிங்கை 3 டிகிரி குறையுங்கள். எந்தக் கிட் வாங்கினாலும் முதல் செலவு மணிக்கு 255 லிட்டர் தள்ளும் ஃப்யூயல் பம்ப்.