தனியாக மரம் அறுப்பவருக்கு எந்தத் தாங்கி: ரோலரா, குண்டா, சாய்தலையா?

எட்டுக்கு நாலு அளவிலான 18 மி.மீ. பிளைவுட் ஒன்று, மரவகையைப் பொறுத்து ஏறத்தாழ 30 முதல் 35 கிலோ வரை இருக்கும். டேபிள் சாவில் (மேசையின் நடுவே பிளேடு மேலெழுந்து சுழலும் ரம்பம்) அதைத் தள்ளிக்கொண்டே போகையில், நீளத்தில் பாதிக்கு மேல் மேசையின் பின்விளிம்பைத் தாண்டியதும் முன்முனை தொங்கி, நம் பக்கத்து முனை மேலெழும்புகிறது. உடன் ஒருவர் இருந்தால் ஏந்திக்கொள்வார். தனியாக இருப்பவரோ பலகையை அழுத்திப் பிடிக்க முயன்று, சுழலும் பிளேடுக்கு மேலே கையை நீட்டிவிடுகிறார். மேசைக்குப் பின்னால் வைக்கும், உயரம் மாற்றக்கூடிய தாங்கி அந்த நொடிக்காகத்தான் தேவைப்படுகிறது. ஆகவே, எது வழுக்கிக்கொண்டு நகர்கிறது என்பதைவிட, எது பலகையைத் தடம் மாற்றாமல் ஏந்துகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

அந்த வகையில், கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ரோலர் ஸ்டாண்டிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். உருளை ஒரே திசையில்தான் உருளும்; பலகை செல்லும் திசைக்குச் சரியான செங்குத்தில் அது நிற்கவில்லையென்றால், கோணல் சக்கரம் பூட்டிய வண்டியைப் போலப் பலகையைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். ஃபென்ஸை (பலகையை நேராகச் செலுத்த உதவும் பக்கச் சட்டம்) விட்டு விலகிய பலகை திரும்பி, பிளேடின் பின்பக்கப் பற்களில் மாட்டினால், அறுப்பவரை நோக்கியே எறியப்படும். தரையில் பலகை செல்லும் திசைக்குச் செங்குத்தாகச் சாக்பீஸால் கோடு கிழித்து, உருளையை அந்தக் கோட்டுக்கு இணையாக வைக்கும் பழக்கம் இருந்தால், ரீப்பர், நிலைச்சட்டம் போன்ற நீண்ட, குறுகிய மரங்களுக்கு அது நன்றாகவே உதவும்.

வரிசையாக இரும்புக் குண்டுகள் பதித்த தாங்கியில் இந்த இழுப்பு கிடையாது, எத்திசையிலும் பலகையை நகர்த்தலாம். ஆனால் குறுகிய ரீப்பர் குண்டுகளுக்கு இடையே இறங்கிவிடும். மென்மையான மரத்தில் தடம் பதியவும் வாய்ப்புண்டு.

தனியாக வேலை செய்பவர் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சாய்தலைத் தாங்கியையே நான் சொல்வேன். அதன் வழவழப்பான தலை ரம்பத்தின் பக்கம் சரிந்து நிற்கிறது. தொங்கிக்கொண்டு வரும் பலகையின் நுனி அந்தச் சரிவில் ஏற, தலை தானாகத் திரும்பி மட்டமாகிறது. ரோலராக இருந்தால் அதே நுனி உருளையின் பக்கத்தில் இடித்துத் தாங்கியையே கவிழ்த்துவிடக்கூடும். உராய்வு சற்று அதிகம் என்பதால் தள்ளக் கூடுதல் பலம் வேண்டும், அதை நான் குறையாக எண்ணவில்லை.

எதை வாங்கினாலும் கால்களைக் கவனியுங்கள். முக்காலி அமைப்பு மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்கும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே தள்ளினால் எளிதில் சாயும் என்பதால், ஒரு காலைப் பலகை செல்லும் திசையில் நீட்டி வைத்து, அடியில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டிவிட வேண்டும். மேசையின் மேல் நேரான சட்டம் ஒன்றை நீட்டி, ரோலரின் உச்சி அதைவிட 2 அல்லது 3 மி.மீ. தாழ்ந்திருக்குமாறு உயரத்தை அமைக்கலாம். எட்டடிப் பலகைக்கு மேசை விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் தாங்கி இருக்க வேண்டும். நான்கடி தள்ளி வைத்தால், பலகை தாங்கியைத் தொடும்போதே கவிழும் நிலைக்கு வந்துவிடும்.

முழு பிளைவுட்டை நடுவில் பிளக்கும்போது, அறுப்பு முடிந்ததும் இரண்டு கனமான துண்டுகள் தனித்தனியே விழப் பார்க்கும். ஒற்றைத் தாங்கி ஒன்றைத்தான் ஏந்தும். அதற்கு இரண்டு தாங்கிகளாவது வேண்டும், இடமிருந்தால் ரம்பத்தின் பின்னால் அதே மட்டத்தில் ஒரு நிலையான மேசை அதைவிட நல்லது.