2013 டெஸ்க்டாப்ல கைரேகை மெஷினோட ஆர்டி சர்வீஸ் தானா ஸ்டார்ட் ஆகாத பிரச்சனை: மூணு வருஷ அனுபவம்

எங்க கடையில இருக்கறது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். 2013 தீபாவளி சமயத்துல அசெம்பிள் பண்ணி வாங்குனது, கோர் ஐ3 3220, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், ஆதார் வச்சு பணம் எடுத்துக் கொடுக்கறது, பென்ஷன்காரங்களுக்கு ஜீவன் பிரமாண், அதாவது உயிரோட இருக்காங்கன்னு காட்டற ஆன்லைன் லைஃப் சர்டிபிகேட், போடறதுன்னு எல்லாமே இதுலதான் ஓடுது. முதல்ல விண்டோஸ் 7, அதுக்கு 2020 ஜனவரி 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதும் விண்டோஸ் 10. இது மேல எனக்கு ரொம்ப பிரியம், இது சம்பாதிச்சுக் கொடுத்துதான் கடைக்கு அட்வான்ஸ் கட்டுனேன், அதனாலதான் தூக்கிப் போட மனசு வரல.

பிரச்சனை பெருசா தெரிஞ்சது 2022 நவம்பர்ல. நவம்பர்னா மத்திய அரசு பென்ஷன்காரங்க லைஃப் சர்டிபிகேட் போடற மாசம், காலையில கடை திறக்கும்போதே நாலு பேரு திண்ணையில உக்காந்திருப்பாங்க. அன்னைக்கு ஒரு ரயில்வே பென்ஷன் தாத்தா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், முதல் ஆளா வந்து கைரேகை மெஷின்ல விரல வச்சாரு, மெஷின்ல லைட்டே எரியல, ஸ்க்ரீன்ல டிவைஸ் ரெடியா இல்லன்னு வருது. அவரு விரல எடுத்து சட்டையில தேச்சு மறுபடியும் வச்சாரு, அப்புறம் எச்சி தொட்டு வச்சாரு, அப்புறம் என்னப் பாத்து "ஏன் தம்பி, என் ரேகை தேஞ்சு போயிடுச்சா, இனிமே பென்ஷன் வராதா?"ன்னு கேட்டாரு. "உங்க ரேகையில ஒண்ணும் இல்லைங்க தாத்தா, மெஷின்தான் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னு சொன்னேன், ஆனா அவரு முகம் தெளியல. எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல.

என்ன நடக்குதுன்னா, இந்த கைரேகை மெஷினுக்கு பின்னாடி ஆர்டி சர்வீஸ்னு ஒண்ணு, அதாவது எடுத்த ரேகைய ஆதார் சரிபார்ப்புக்கு பாதுகாப்பா குடுக்கற சாஃப்ட்வேர், ஓடணும். விண்டோஸ் ஆன் ஆகும்போதே அது தானா ஸ்டார்ட் ஆகி, 11100-லேர்ந்து 11120-க்குள்ள ஏதாவது ஒரு போர்ட்ல (சாஃப்ட்வேருங்க பேசிக்கற நம்பர் போட்ட வாசல்) உக்காந்துக்கும், சைட் அந்த போர்ட்ல கூப்பிட்டு மெஷின் இருக்கான்னு கேக்கும். சர்வீஸ் ஓடலைன்னா மெஷின் வெறும் பிளாஸ்டிக் டப்பாதான். நான் சர்வீசஸ் லிஸ்ட்ட திறந்து பாத்தா, ஸ்டார்ட்டப் டைப் ஆட்டோமேட்டிக்னு இருக்கு, ஆனா ரன்னிங்னு வரல, காலியா இருக்கு. ரைட் கிளிக் பண்ணி ஸ்டார்ட் குடுத்தா உடனே ஓடுது. தானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கையால குடுத்தா ஓடுதுங்கற இந்த ஒரு விஷயத்தை நான் அப்பவே பிடிச்சிருக்கணும், அதுதான் முழு விடையும். சாஃப்ட்வேர் கெட்டுப் போயிருந்தா கையால குடுத்தாலும் ஓடாது.

அப்போ ரிப்பேருக்கு கூப்பிட்ட ஆளு ஃபார்மேட்னாரு, பண்ணோம், ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, மறுபடியும் அதே கதை. திரும்பவும் ஃபார்மேட். மூணாவது தடவை மதர்போர்டு போயிடுச்சுன்னு சொன்னப்போதான் நானே உக்காந்து பாப்போம்னு முடிவு பண்ணேன். ஃபார்மேட் பண்ணா ஏன் ரெண்டு மாசம் நல்லா இருக்குன்னு யோசிச்சாலே பாதி புரியும், புதுசா போட்ட விண்டோஸ்ல கூட்டமே இல்ல, மாசம் ஆக ஆக பிரிண்டர், ஸ்கேனர், அப்டேட்டர்னு ஒவ்வொண்ணா வந்து காலையில ஒரே நேரத்துல வாசல்ல நிக்குது.

கண்ண திறந்து விட்டது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கற டைரி. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா வரும், அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம், ஃபில்டர் குடுத்து சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்ங்கற சோர்ஸ மட்டும் வச்சுக்கிட்டா குப்பையெல்லாம் போயிடும். எனக்கு தினமும் காலையில ரெண்டு எரர் ஜோடியா நின்னுச்சு, 7009, அதுக்கு அடுத்தே 7000. 7009 என்ன சொல்லுதுன்னா, இந்த சர்வீஸ் வந்து கனெக்ட் ஆகும்னு 30000 மில்லிசெகண்ட் காத்திருந்தேன், வரல. அதாவது முப்பது செகண்ட். விண்டோஸ் ஒவ்வொரு சர்வீஸையும் கூப்பிட்டு முப்பது செகண்ட் டைம் குடுக்குது, அதுக்குள்ள "வந்துட்டேன்"னு பதில் சொல்லலைன்னா ஃபெயில்னு எழுதிட்டு போயிடுது. என் சர்வீஸ் ஃபெயில் ஆகல, லேட்டா வந்துச்சு, அவ்வளவுதான். இது தெரிஞ்சப்போ எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது, ஏன்னா லேட்டா வர்ற பிரச்சனைக்கு வழி இருக்கு.

ஏன் லேட் ஆகுதுன்னா டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க்குன்னு இருக்கற கட்டத்தப் பாருங்க, என்னோடதுல ஆன் பண்ணி பத்து நிமிஷத்துக்கு 100 சதவீதத்துலயே நிக்கும், கேபினட்ல சிவப்பு லைட்டு அணையாம எரியும், உள்ள ஹார்டு டிஸ்க் கரகரன்னு மென்னுட்டே இருக்கும். 7200 ஆர்பிஎம் டிஸ்க்குல ஹெட்டு ஒவ்வொரு இடமா போய் படிக்கணும், செகண்டுக்கு எழுபது எண்பது தடவைதான் அதால சிதறி சிதறி படிக்க முடியும், ஆனா ஸ்டார்ட்டப் நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல ஆளுக்கொரு மூலையிலேர்ந்து கேக்கறாங்க. ரேஷன் கடையில ஒரே ஆளு எடை போட்டா எப்படி இருக்கும், அதேதான்.

முதல்ல கூட்டத்தைக் குறைச்சேன். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப்ல இம்பாக்ட் ஹைன்னு இருந்த ஏழெட்டு ஐட்டத்தை டிசேபிள் பண்ணேன், எப்பவோ வித்துட்ட ரெண்டு பிரிண்டரோட ஸ்டேட்டஸ் மானிட்டர் இன்னும் தினமும் ஓடிட்டு இருந்துச்சு! அடுத்து எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸோட சிஸ்டம் கான்ஃபிகரேஷன்) சர்வீசஸ் டேப். இங்க ஒரு விஷயம், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் எல்லாத்தையும் மறைங்கன்னு கீழ ஒரு டிக் இருக்கும், அத போட்டுட்டுதான் எதையும் தொடணும். நான் முதல் தடவை அத போடாம டிசேபிள் ஆல் குடுத்துட்டேன், ரீஸ்டார்ட் ஆனதும் நெட் இல்ல, சவுண்டு இல்ல, பிரிண்ட் போகல, கஸ்டமர் நிக்கறாங்க, கை நடுங்கிடுச்சு. மறுபடியும் அதே இடத்துல நார்மல் ஸ்டார்ட்டப் குடுத்துதான் மீண்டு வந்தேன். அதுக்கப்புறம் ஒரு தடவைக்கு ஒண்ணு, மாத்துனத நோட்டுல எழுதறது, ரீஸ்டார்ட், பாக்கறதுன்னு வச்சுக்கிட்டேன்.

பழைய கைரேகை மெஷினோட ஆர்டி சர்வீஸும் இருந்துச்சு, அதையும் அன்இன்ஸ்டால் பண்ணேன். ரெண்டு கம்பெனி சர்வீஸ் ஒரே சிஸ்டத்துல இருந்தா சில சைட் முதல்ல கிடைச்ச போர்ட்ல இருக்கறத பிடிச்சுக்கிட்டு மெஷின் இல்லன்னு சொல்லிடுது, இது நான் நேர்ல பட்டது.

அப்புறம் ஆர்டி சர்வீஸோட ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டார்ட்டப் டைப்ப ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்னு மாத்துனேன். மத்த ஆட்டோமேட்டிக் சர்வீஸ் எல்லாம் கிளம்புனப்புறம் சுமார் ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் இது கிளம்பும், அப்போ டிஸ்க் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். கடை திறந்து, பெருக்கி, சாமி படத்துக்கு பூ போடறதுக்குள்ள அது எந்திரிச்சிடும், ஒண்ணும் நஷ்டம் இல்ல. பக்கத்துல ரெக்கவரி டேப்ல மூணு இடத்துலயும் ரீஸ்டார்ட் த சர்வீஸ்னு வச்சேன், ஆனா அது ஓடிட்டு இருக்கும்போது செத்துப் போற சர்வீஸுக்குதான், லேட்டா வர்றதுக்கு என் கேஸ்ல அது கைகொடுக்கல.

இதுக்கும் மேல வாரத்துல ஒரு நாள் 7009 வந்துட்டே இருந்துச்சு, அதனால அந்த முப்பது செகண்டையே நீட்டிட்டேன். ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட செட்டிங்ஸ் எல்லாம் இருக்கற இடம்) ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், அங்க சர்வீசஸ்பைப்டைம்அவுட்னு (ServicesPipeTimeout) நடுவுல ஸ்பேஸ் இல்லாம ஒரு டிவேர்டு (DWORD, நம்பர் போடற என்ட்ரி) உருவாக்கி 60000 போடணும், ரீஸ்டார்ட் பண்ணணும். போடறதுக்கு முன்னாடி அந்த கீய எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கங்க, அப்புறம் மறக்காம டெசிமல்னு மாத்திட்டு டைப் பண்ணுங்க, ஹெக்ஸ்லயே 60000 அடிச்சா அது ஆறரை நிமிஷம் ஆயிடும், உண்மையிலேயே செத்துப் போன சர்வீஸுக்காக விண்டோஸ் ஆறரை நிமிஷம் உக்காந்திருக்கும். இது வலி மாத்திரை மாதிரிதான், நோய் டிஸ்க்குல இருக்கு, ஆனா டிஸ்க்க மாத்தற வரைக்கும் இதுதான் ஓட்டுச்சு.

பிரிண்ட் வேலைகள வரிசையா பிரிண்டருக்கு அனுப்பற சர்வீஸ், பிரிண்ட் ஸ்பூலர், தனி கதை. அது ஸ்டார்ட் ஆயிடும், அஞ்சு நிமிஷத்துல 7031-னு எரர் போட்டு செத்துடும். சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர், ஸ்பூலர நிறுத்திட்டு அதுல தேங்கியிருந்த ஃபைல அழிச்சிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணேன், பழைய டிரைவர் ரெண்டையும் எடுத்தேன், அதோட நின்னுச்சு.

இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது. நான் தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுதான் போவேன், ஆனா டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல அப்டைம் பாத்தா ஒன்பது நாள்னு காட்டுது! ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன்ல கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவரையும் டிஸ்க்குல அப்படியே எழுதி வச்சுட்டு காலையில அதையே எடுத்து ஓட்டும், முழுசா புதுசா ஆரம்பிக்கறது ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும்தான். நேத்து மாட்டிக்கிட்டது இன்னைக்கும் மாட்டிக்கிட்டேதான் இருக்கும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்ல அத எடுத்துட்டேன், ஆன் ஆக கொஞ்சம் கூட நேரம் ஆச்சு, ஆனா சுத்தமா எந்திரிச்சுது. கைரேகை மெஷின முன்பக்க யூஎஸ்பிலேர்ந்து பின்பக்கத்துக்கு மாத்துனதும் ரொம்ப உதவுச்சு.

2023 கோடையில கரண்ட் போய்ப் போய் வந்தப்போ புதுசா ஒண்ணு, காலையில தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்குது, எந்த சைட்டும் சர்டிபிகேட் சரியில்லன்னு திறக்க மாட்டேங்குது, ஈவென்ட் வியூவர்லயும் எரர் எல்லாம் பழைய தேதியில விழுந்து எனக்கு கண்ணுலயே படல. காரணம் மதர்போர்டுல தேதிய ஓட்டிட்டு இருக்கற சீமாஸ் பேட்டரி செத்தது, சிஆர்2032, வாட்ச் கடையில கிடைக்கும், அம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. பழைய சிஸ்டம்ல எதையும் தோண்டறதுக்கு முன்னாடி கீழ மூலையில தேதியப் பாருங்க.

அதே சமயம் சிஸ்டம் லாக்ல டிஸ்க்குங்கற சோர்ஸ்ல 7-ஆம் நம்பர் எரர், பேட் பிளாக்னு வந்துச்சு. டிஸ்க்கோட ஆரோக்கியத்தக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாத்தா மஞ்சள்ல காஷன், கரன்ட் பென்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற இடங்க) ஜீரோவா இருக்க வேண்டியது ஜீரோ இல்ல. படிக்க முடியாத இடத்துல டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அந்த நேரத்துல எல்லா சர்வீஸும் நிக்கும். அன்னைக்கே கஸ்டமர் ஃபைல், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாத்தையும் வெளிய காப்பி எடுத்தேன், அடுத்த வாரம் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒண்ணு வாங்கி குளோன் பண்ணாம புதுசாவே விண்டோஸ் போட்டேன், கூடவே ரேம 8 ஜிபி ஆக்குனேன். எச்61 போர்டுல டிஸ்க் மாட்டறதுக்கு வேகம் கம்மியான சாட்டா 2 போர்ட்தான், எஸ்எஸ்டியோட முழு வேகம் கிடைக்காதுன்னு சொன்னாங்க, பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது அது உண்மைதான், ஆனா ஸ்டார்ட்டப்புக்கு வேண்டியது சிதறி இருக்கறத டக்குன்னு எடுக்கறது, அதுல எந்த குறையும் தெரியல. பவர் பட்டன் அமுக்கி கைரேகை மெஷின் லைட்டு எரியறதுக்கு ஆரம்பத்துல பதினோரு பன்னெண்டு நிமிஷம், கூட்டத்த குறைச்சப்புறம் அஞ்சு, எஸ்எஸ்டி போட்டு டிலேவையும் எடுத்தப்புறம் ஒரு நிமிஷம்கூட இல்ல. ரெஜிஸ்ட்ரியில போட்டதையும் திரும்ப வைக்கல, தேவைப்படல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, 7009 ஒரு தடவைகூட வரல.

காசு இருந்தா முதல்லயே எஸ்எஸ்டி போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க, போட்டிருக்கலாம்தான், ஆனா பழைய பிரிண்டர் மானிட்டரும் ரெண்டாவது ஆர்டி சர்வீஸும் செத்த பேட்டரியும் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஜீவன் பிரமாணுக்கு இப்போ போன்லயே முகத்தக் காட்டி போடற வசதி 2021-லேர்ந்து இருக்கு. அந்த ரயில்வே தாத்தாகிட்ட இந்த நவம்பர்லயும் சொன்னேன், "வேணாம் தம்பி, விரலே வைக்கறேன்"னுட்டாரு. முதல் தடவையே எடுத்துக்குச்சு.

மிச்சம் இருக்கற கவலை ஒண்ணுதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இந்த ஐ3 விண்டோஸ் 11-க்கு தகுதி லிஸ்ட்லயே இல்ல. 2026 அக்டோபர் வரைக்கும் குடுக்கற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிஞ்சு வச்சிருக்கேன். அடுத்தவங்க ஆதாரும் பணமும் ஓடற சிஸ்டம், அதுக்கப்புறம் நெட்ல வச்சு ஓட்ட மாட்டேன், கைரேகை மெஷின புதுசுக்கு மாத்திட்டு, இத நெட் கேபிள உருவிட்டு டைப்பிங்குக்கும் பிரிண்டுக்கும் மட்டும் உள் மேஜையில போடப் போறேன்.