லேவண்டர் என்று சொல்லி நீலத்தை விற்கிறார்கள்: ஃபேன்சி கோழி வாங்குவோர் கவனத்துக்கு

"லேவண்டர் லைன் கொச்சின், குஞ்சுகளை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொச்சின் என்பது பாதம் வரை முடி மூடிய ஃபேன்சி கோழி இனம், லேவண்டர் அதில் ஒரு வெளிர் சாம்பல் நிறம், லைன் என்றால் வம்சம். எனக்கு இதில் போனது 12,000 ரூபாய். புகார் நடப்பதால் விற்றவரின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. ஆள் யார் என்பதைவிட, ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அவர் அனுப்பிய வீடியோவில் பச்சை வலை அடித்த கூண்டு. உள்ளே ஒரு பெருங்கூட்டம் குஞ்சுகள், ஒன்று விடாமல் ஒரே சாம்பல் நிறம். "பாருங்க ப்ரோ, ஒண்ணுகூட கலர் மாறாது, ப்யூர் லைன்" என்று பின்னால் ஒரு குரல். ஒரு சேவல், இரண்டு பெட்டை வாங்க வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளை இரண்டு மாதத்தில் தலைக்கு 600 ரூபாய் கொடுத்து அவரே எடுத்துக்கொள்வார், "கலர் சரியாக இருந்தால்". மொத்த ஏமாற்றும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

கோழிகள் பார்சலில் பத்திரமாகத்தான் வந்தன. நோய் இல்லை, கால் முடி அடர்த்தி, உருண்டை உடம்பு. அதில் குறை சொல்ல மாட்டேன். பெட்டைகளும் ஒழுங்காக அடை உட்கார்ந்தன. முதல் ஈடு பொரித்தபோது ஏறக்குறைய பாதி சாம்பல். மீதியில் சில கறுப்பு, அடிவயிறு மஞ்சள், இறக்கை நுனியில் வெள்ளை. சில கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தன; இறகு முளைக்க முளைக்க அங்கங்கே மை தெறித்த மாதிரி சாம்பல் புள்ளி விழுந்தது.

போன் செய்தேன். பக்கத்து வீட்டு நாட்டுச்சேவல் ஏறியிருக்கும் என்றார். கூண்டு பூட்டியே இருந்தது என்றேன். "அப்ப உங்க ஊர் தண்ணி ஒத்துக்கல" என்றார்! நாட்டுச்சேவல் கலந்திருந்தால் குஞ்சுகளின் கால் முடி மெலிந்து, உடம்பு வாகே மாறியிருக்கும். இவை எல்லாம் பாதம் மூடிய கொச்சின் குஞ்சுகள். கறுப்புக் குஞ்சின் இறக்கையில் வெள்ளை இருப்பதால் அது கிராஸ் என்று அடுத்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அதுவும் பொய். சுத்தக் கறுப்புக் கோழிக்கும் குஞ்சில் அந்த வெள்ளை இருக்கும், இறகு மாறும்போது போய்விடும்.

திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் என்ற கோழி இனத்தை வளர்க்கும் ஒரு பெரியவரிடம் குஞ்சுகளைக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தம்பி, இது லேவண்டரே இல்ல, நீலம். நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தா இப்படித்தான் மூணு கலர் வரும்" என்றார்.

விஷயம் இதுதான். கறுப்புக் கோழிக்கு நீல மரபணு ஒன்று சேர்ந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும்; அந்தச் சாம்பலைத்தான் கோழிக்காரர்கள் நீலம் என்கிறார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்துவிட்டால் புள்ளி, அதாவது ஸ்பிளாஷ். எதுவுமே வராவிட்டால் வெறும் கறுப்பு. ஆகவே நீலம், நீலம் சேர்ந்தால் நூற்றுக்கு 25 கறுப்பு, 50 நீலம், 25 புள்ளி என்ற கணக்கில் பிரியும். ஒரே ஈட்டில் அச்சாக அப்படி வராது, நிறையப் பொரித்தால் அங்கேதான் போய் நிற்கும். ஆண்டலூசியன் என்ற நீலக் கோழி இனத்தை வைத்து மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும் கேம்பிரிட்ஜில் 1900களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து சொன்ன கணக்கு இது. நிறம் மாறாத நீல லைன் என்று ஒன்று கிடையாது.

லேவண்டர் வேறு. அது இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும் மரபணு. எனவே லேவண்டர் ஜோடிக்குப் பிறப்பது எல்லாமே லேவண்டர்தான், அதனால்தான் விலையும் கூட. விற்றவர் லேவண்டருக்கு உள்ள இந்தக் குணத்தைச் சொல்லி, லேவண்டர் விலைக்கு நீலத்தைத் தள்ளிவிட்டார்.

வாங்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். வெயிலில் நிறுத்தி எடுத்த சேவல் படம் கேளுங்கள். நீலச் சேவலுக்குக் கழுத்திலும் முதுகிலும் வழியும் இறகு ஏறக்குறைய கறுப்பாக இருக்கும், நெஞ்சு மட்டும்தான் சாம்பல். பெட்டையின் ஒற்றை இறகைப் பார்த்தால் ஓரத்தில் கருங்கோடு ஓடும். லேவண்டரில் தலை முதல் கால் முடி வரை ஒரே வெளிர் நிறம், ஓரக்கோடு இருக்காது. எனக்கு அனுப்பிய படங்கள் எல்லாமே நிழலில் எடுத்தவை, சேவலின் கழுத்து ஒன்றிலும் சரியாகத் தெரியாது. தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் வீடியோவில் இருந்த குஞ்சுகள் மட்டும் எப்படி ஒரே நிறம்? அங்கேதான் ஆளின் சாமர்த்தியம். கறுப்புச் சேவலோடு புள்ளிப் பெட்டையைச் சேர்த்தால் பிறக்கும் அத்தனையும் நீலம். அவர் பண்ணையில் தாய்க்கோழியாக வைத்திருப்பது அந்தக் கறுப்பும் புள்ளியும்தான். நம் தலையில் கட்டுவது அவற்றுக்குப் பிறந்த நீலத்தை.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் வந்தது இன்னொன்றில். என் குஞ்சுகளில் சாம்பலைக்கூட "ஷேடு குறைவு" என்று எடுக்க மறுத்தவர், புள்ளிக் குஞ்சுகளை மட்டும் "வேஸ்ட்தான், சரி, உங்களுக்காக 50 ரூபாய்க்கு எடுத்துக்கிறேன், அனுப்புங்க" என்றார். நல்லவேளை, அதற்குள் பெரியவரைப் பார்த்துவிட்டேன். விற்றவர் வேஸ்ட் என்று சொன்னதுதான் அவருடைய அடுத்த செட் தாய்க்கோழி. அதைத் தீவனம் போட்டு வளர்த்து, ஏறக்குறைய சும்மா கொடுக்க நாம் வேண்டும். இந்த வலையில் இருக்கிறவர்கள் யாரும் புள்ளிப் பெட்டைகளை அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கறுப்புச் சேவலோடு விட்டுப் பாருங்கள். சொந்தக் குஞ்சுகளையே சேர்க்காமல், சேவல் வேறு இடத்துக் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நானும் அப்படித்தான் சேர்த்தேன், ஈடு முழுக்கச் சாம்பல்.

திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெருந்துறை ஈமு சமாச்சாரம் ஞாபகம் வர வேண்டும். ஈமு கோழி வளர்க்கக் கொடுத்து, திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றிய கதை அது. 2012ல் அது வெடித்தபோது எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று கொங்கு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோழி சின்னது, தொகையும் சின்னது, அதனால் யாரும் புகார் கொடுப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் தொழில் ஓடுகிறது.

புகாருக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நுகர்வோரே கிடையாது" என்று விற்றவர் என்னை மிரட்டினார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். பணம் வாங்கிக்கொண்டு கோழியே அனுப்பாமல் விட்டால் உடனே 1930ல் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். வாய்ஸ் நோட், பணம் போன ரசீது, வீடியோ எதையும் அழிக்காதீர்கள். லேவண்டர் என்ற வார்த்தையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் மட்டும்தான் சொல்வேன் என்றால் விட்டுவிடுங்கள்.

போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து லேவண்டர் பிரம்மா (இதுவும் ஒரு ஃபேன்சி கோழி இனம்) வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிப் பணம் முன்பணமாம். அதே பச்சை வலை, அதே குரல்.