எஸ்.என்.எம்.பி.யா, நெட்ஃப்ளோவா?

அலுவலகத்தின் இணைய இணைப்பு பிற்பகலில் மந்தமாகிறது என்று புகார் வந்தால், வலையமைப்பை நிர்வகிப்பவர் அறிய வேண்டியவை இரண்டு: இணைப்பு உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா, நிரம்பியிருந்தால் நிரப்புவது யார். முதல் கேள்விக்கு, வலையமைப்புச் சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி. (SNMP) விடை தரும், இரண்டாவதற்கு, யார் யாரோடு எவ்வளவு பரிமாறினர் என்பதைப் பதிவுசெய்யும் நெட்ஃப்ளோ (NetFlow) வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியல்ல.

1988இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி.யில், கண்காணிப்பு சர்வர் குறித்த இடைவெளிகளில் ரவுட்டரைக் கேட்க, ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் (இணைப்பு முனையிலும்) அதுவரை கடந்த பைட்டுகளின் எண்ணிக்கையை ரவுட்டர் தன் கவுண்ட்டரிலிருந்து எடுத்துச் சொல்கிறது. அடுத்தடுத்த இரு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் தெரிந்துவிடும். ரவுட்டருக்குச் சுமை குறைவு. நிர்வகிக்கக்கூடிய சாதனங்களில் பெரும்பாலானவை இதை ஆதரிக்கின்றன. ஆனால் பழைய 32 பிட் கவுண்ட்டர், 1 ஜிபிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 34 நொடிகளில் நிரம்பி, மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்குப் பொய்க்கணக்கே கிடைக்கும். 64 பிட் கவுண்ட்டரைத்தான் கேட்க வேண்டும், எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பால் அதைப் படிக்க முடியாது.

கவுண்ட்டர் சரியாக இருந்தாலும் சராசரி ஏமாற்றும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்று 30 நொடிகள் முழுமையாக நிரம்பி, எஞ்சிய 270 நொடிகளும் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால், ஐந்து நிமிட வரைபடத்தில் தெரிவது 19 எம்பிபிஎஸ். அந்த அரை நிமிடத்தில் வீடியோ கூட்டத்தில் பேச்சு அறுந்துபோனவர் சொல்வதும் உண்மை, இணைப்பில் இடம் தாராளமாக இருந்தது என்று வரைபடத்தை நீட்டும் நிர்வாகி சொல்வதும் பொய்யல்ல. இடைவெளியை ஒரு நிமிடமாகவோ அதற்கும் கீழாகவோ குறைப்பது இந்தச் சச்சரவை ஓரளவு தீர்க்கும்.

வலையமைப்புச் சாதன நிறுவனமான சிஸ்கோ 1996இல் அறிமுகப்படுத்திய நெட்ஃப்ளோ வேறு வழியில் செல்கிறது. இரு முனைகளின் முகவரிகள், போர்ட் எண்கள் (எந்தச் சேவைக்கான தொடர்பு என்று குறிப்பவை), புரோட்டோகால் முதலியவை ஒத்த பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ரவுட்டரே ஒரு ஃப்ளோவாகத் திரட்டி, அதன் பைட் கணக்கையும் தொடக்க, முடிவு நேரங்களையும் சேகரிப்பு சர்வருக்கு அனுப்புகிறது. எந்தக் கணினி எந்த முகவரியோடு எவ்வளவு பரிமாறியது என்பது இதில் தெளிவாகத் தெரியும். இந்த வழிமுறையின் பொதுத்தரம்தான் ஐபிஃபிக்ஸ்.

நெட்ஃப்ளோவின் நேரக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. சிஸ்கோ ரவுட்டர்கள் பலவற்றில், தொடர்ந்து ஓடும் ஃப்ளோவின் பதிவை அனுப்புவதற்கான கால வரம்பு இயல்பாக 30 நிமிடங்கள். ஆகவே 10 மணிக்குத் தொடங்கிய பேக்கப்பின் முதல் பதிவு 10.30க்குத்தான் வந்து சேரும். பதிவு வந்த நேரத்தை வைத்து வரைபடம் போடும் மென்பொருள், அரை மணி நேரப் போக்குவரத்து முழுவதையும் ஒரே நிமிடத்தில் செங்குத்தாக ஏற்றிக் காட்டும். வரம்பை ஒரு நிமிடமாக மாற்றிவிடுவது நல்லது. ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்றை மட்டும் பார்க்கும் மாதிரியெடுப்பு இயங்கினால், பெரிய பதிவிறக்கங்கள் சிக்கும். பத்துப் பாக்கெட்டுகளோடு முடியும் சிறு பரிமாற்றம் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். மேலும், இன்றைய இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கப்பட்ட இணையத்தளத் தொடர்புக்கான 443ஆம் போர்ட் வழியே செல்வதால், போர்ட் எண்ணை வைத்துச் செயலியை அடையாளம் காண்பதும் எளிதல்ல.

தாமதத்தை இவ்விரண்டும் நேரடியாக அளப்பதில்லை. அதற்கு, ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பதில் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் போன்ற தனிச் சோதனை வேண்டும்.

ஒரே ரவுட்டரும் சில ஸ்விட்சுகளும் உள்ள அலுவலகம் எஸ்.என்.எம்.பி.யில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நெட்ஃப்ளோவை எல்லா இடங்களிலும் இயக்கினால் சேகரிப்பு சர்வரின் டிஸ்க் நிறைவதுதான் மிச்சம். இணையத்தை நோக்கிய இன்டர்ஃபேஸில் மட்டும் இயக்கினால் போதும். எஸ்.என்.எம்.பி.யிலும் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்து, அதன் அடையாளச் சரிபார்ப்பையும் மறையாக்கத்தையும் இயக்கிவிட வேண்டும், ஏனெனில் முந்தைய பதிப்புகளில் கடவுச்சொல்லுக்கு ஈடான கம்யூனிட்டி சரம் வலையமைப்பில் வெளிப்படையாகவே பயணிக்கிறது.