மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ், யமஹா ஆர்-என்800ஏ: அழகா, ஒலியா?

இரண்டும் ஸ்டீரியோ ரிசீவர்கள், அதாவது பாட்டை வாங்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டிகள்.

தோற்றம்: மராண்ட்ஸ் மெலிசு, முகப்பின் நடுவில் சின்ன வட்டத் திரை. டிவி அலமாரியில் அம்சமாக உட்காரும். யமஹா பழைய பாணிப் பெட்டி, முகப்பு நிறைய குமிழ்கள், இடம் கேட்கும்.

சக்தி: 8 ஓம் ஸ்பீக்கரில் மராண்ட்ஸ் 75 வாட், யமஹா 100. இதில் மயங்க வேண்டாம். வித்தியாசம் சுமார் 1.25 டெசிபெல்தான், காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

அறை: யமஹாவோடு ஒரு மைக் வரும். நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்தால், சுவரில் மோதி ‘கும்’மென்று வீங்கும் பேஸை (தாழ்ந்த ஒலியை) அளந்து சரிசெய்யும். மராண்ட்ஸில் இது கிடையாது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிவி: மராண்ட்ஸில் 6 எச்டிஎம்ஐ உள்ளீடுகள். யமஹாவில் ஒன்றுகூட இல்லை, டிவி ஒலிக்கு ஆப்டிகல் கேபிள்தான்.

படமும் பாட்டும் ஒரே பெட்டியில் வேண்டுமா, மராண்ட்ஸ். பாட்டு மட்டும்தான், அறையும் மொட்டைச் சுவர் என்றால் யோசிக்காமல் யமஹா.