தள்ளலா, இழுப்பா? புழுக் கருவின் முதல் செல்லில் மோதும் மூன்று விளக்கங்கள்

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு முழுதாக வளர்ந்தாலும் 1 மி.மீ. நீளம்தான். அதன் முட்டை நீளத்தில் சுமார் 50 மைக்ரான், அகலத்தில் 30. ஒளி ஊடுருவும் முட்டை என்பதால் உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். விந்தணுவின் உட்கரு பின்முனையில் இருக்கும். முட்டையின் உட்கரு முன்முனையிலிருந்து அதைத் தேடி வரும். இரண்டும் பின்பாதியில் சந்தித்து, ஒன்றாக நடுவுக்கு நகர்ந்து, 90 பாகை திரும்பி முட்டையின் நீளவாக்கில் அமரும். அப்புறம் குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோல் உருவாகி, கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய், செல் இரண்டாகப் பிளக்கும். முன்னால் இருப்பது பெரிய செல், பெயர் ஏபி. பின்னால் இருப்பது சிறியது, பி1. புழுவின் இனப்பெருக்கச் செல்கள் எல்லாம் இந்தச் சின்னவனின் வம்சம்.

இந்த நகர்வுகளை எல்லாம் செய்வது யார்? உட்கருவை ஒட்டியும், பிறகு கதிர்க்கோலின் இரு முனைகளிலும் இருக்கும் சென்ட்ரோசோம் என்ற மையங்களிலிருந்து நாலாபுறமும் நீளும் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள்தான். அதில் தகராறு இல்லை. விசை எங்கே பிறக்கிறது என்பதில்தான் மூன்று கட்சி.

முதல் கட்சி, தள்ளல். வளரும் நுண்குழலின் நுனி செல்லின் ஓரத்தில் முட்டி, சென்ட்ரோசோமைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் சுலபமாக வளைந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் விசை கால்பங்காகிவிடும். ஆகவே ஓரத்துக்கு நெருக்கமான பக்கம் பலமாகத் தள்ளும், தூரப் பக்கம் சோர்ந்துவிடும். முடிவில் சென்ட்ரோசோம் நடுவுக்கு வந்து நிற்கும். கணக்கு அழகாக இருக்கிறது.

இரண்டாவது, சைட்டோபிளாச இழுப்பு, அதாவது செல்லை நிரப்பியிருக்கும் கூழிலிருந்து வரும் இழுப்பு. டைனின் என்ற மோட்டார் புரதம் லைசோசோம் (செல்லின் கழிவைச் செரிக்கும் பை) போன்ற சரக்குகளைச் சுமந்துகொண்டு நுண்குழல் மேல் சென்ட்ரோசோமை நோக்கி நடக்கிறது. சரக்கு உள்ளே வர, அதன் எதிர்விசை குழலை வெளிப்பக்கம் இழுக்கிறது. நீளமான குழலில் சரக்கு அதிகம், இழுப்பும் அதிகம். எனவே தூரமான பக்கம் ஜெயிக்கும், இங்கேயும் முடிவு நடுதான். ஜப்பானின் மிஷிமாவில் அகாட்சுகி கிமுராவின் குழு இதை முன்வைத்தது. 2011-இல் அவர்கள் காட்டியது: சரக்குகளை டைனினோடு இணைக்கும் புரதங்களைக் குறைத்தால் சரக்கும் உள்ளே வருவதில்லை, நடுவுக்கு நகர்வதும் கெட்டுப்போகிறது. நல்ல சான்றுதான். ஆனால் டைனின் மூன்றாவது கட்சிக்கும் பொதுவான ஆள். அதைச் சேர்ந்த எதில் கை வைத்தாலும் யாருக்கு அடி விழுந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது, புறணி இழுப்பு. இங்கே டைனின் செல் சவ்வை ஒட்டிய புறணியில் நங்கூரமிட்டு நிற்கிறது. தான் நகர முடியாததால், கைக்கு வந்த நுண்குழலைத் தன் பக்கம் இழுக்கிறது. கதிர்க்கோல் பின்னால் போகும் கட்டத்துக்கு இதுதான் காரணம் என்பது எப்போதோ முடிவான விஷயம். 2001-இல் ஸ்டீபன் கிரில், டோனி ஹைமன் ஆகியோரின் குழு லேசரால் கதிர்க்கோலை நடுவில் வெட்டியது. இரு முனைகளும் எதிரெதிரே பாய்ந்தன, பின்முனை அதிக வேகத்தில். டைனினை அங்கே நிறுத்திவைக்கும் ஜிபிஆர்-1/2, லின்-5 புரதங்களை எடுத்துவிட்டால் கதிர்க்கோல் நடுவிலேயே நின்று, செல் சரிபாதியாகப் பிளக்கும்.

அப்படியானால் நடுவுக்கு வருவதையும் இதன் கணக்கிலேயே எழுதிவிடலாமே? அங்கேதான் இடித்தது. புறணி இழுத்தால், நெருக்கமான பக்கத்தை அதிகக் குழல்கள் தொடும், அந்தப் பக்கமே ஜெயிக்கும், சென்ட்ரோசோம் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நினைத்தார்கள். இந்த வாதத்தில் ஒரு ஓட்டை. இழுக்கும் மோட்டார்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒன்று ஒரு நேரத்தில் ஒரு குழலைத்தான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் சீட் இருக்கிற அளவுக்குத்தான் ஆள் உட்கார முடியும். கூட்டம் எவ்வளவு முண்டினாலும் சீட் கூடாது. அதனால் பக்கத்தில் குவியும் உபரிக் குழல்களால் பயனில்லை. அதோடு, அருகிலுள்ள மோட்டார்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்து ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்து செய்துவிடும். தூரத்தில் இருப்பவை ஏறக்குறைய ஒரே திசையில் இழுக்கும். கூட்டிப் பார்த்தால் மிச்சம் நடுவை நோக்கியே நிற்கும். இந்த ஒரு நிபந்தனை சேர்ந்ததும் மூன்றாவது கட்சியின் பெரிய பலவீனம் போய்விட்டது.

மூன்று கணக்கும் நடுவுக்கே கொண்டுவந்து விடுகின்றன என்றால், பாதையைப் படம் பிடித்து எது பொருந்துகிறது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. அளவுகளைக் கொஞ்சம் திருகினால் எல்லாமே பொருந்தும். மூன்றும் வெவ்வேறு பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி வேண்டும்.

ஹார்வர்டின் டேனியல் நீடில்மன், நியூயார்க்கின் மைக்கேல் ஷெல்லி ஆகியோரின் குழு 2024-இல் அப்படி இரண்டு கேள்விகளோடு வந்தது. முதலாவது, ஃபெம்டோ நொடி லேசரால் சென்ட்ரோசோமின் ஒரு பக்கத்துக் குழல்களை மட்டும் வெட்டுவது. அந்தப் பக்கக் குழல்கள் தள்ளிக்கொண்டிருந்தால், தடை போனதும் சென்ட்ரோசோம் வெட்டின பக்கம் சாயும். இழுத்துக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் போகும். இழுப்புதான் என்று தெரிந்தது. முதல் கட்சி இதில் பின்தங்கியது.

மீதி இரண்டும் இழுப்பு என்பதால் வெட்டு மட்டும் போதாது. இரண்டாவது கேள்வி திரவத்தைப் பற்றியது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சரக்குகளே இழுக்கின்றன என்றால், அவை சென்ட்ரோசோமை நோக்கி வரும்போது சுற்றியுள்ள திரவத்தையும் கூட்டி வரும். அதாவது குழல்களுக்கிடையே திரவம் நகர்வுக்கு எதிர்த்திசையில் ஓடும். புறணி இழுத்தால், குழல் கூட்டம் திரவத்தைத் தன்னோடு சேர்த்து இழுத்துப் போகும். ஒளிரும் நானோ வைரத் துகள்களை ஊசியால் செலுத்தி ஓட்டத்தை அளந்து, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஓட்டம் புறணி இழுப்போடுதான் ஒத்துப்போனது. நடுவுக்கு வருவது, திரும்புவது, பின்னால் போவது, ஊசலாடுவது என எல்லாவற்றையும் இந்த ஒரே விசையால் விளக்க முடியும் என்பது அவர்கள் முடிவு. ஒரு புரதத்தை நீக்கிப் பார்க்கும் சோதனையைவிட, விசையின் திசையையே நேராகக் கேட்கும் இந்தச் சோதனைக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

இதனால் மற்ற இரண்டையும் குப்பையில் போட வேண்டாம். தவளை முட்டை 1 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ளது. அதில் முதல் பிளவின்போது குழல்கள் ஓரத்தைத் தொடும் முன்பே சென்ட்ரோசோம்கள் நகரத் தொடங்கிவிடும். தொடாத புறணி எப்படி இழுக்கும்? அங்கே சைட்டோபிளாச இழுப்புக்குத்தான் வாய்ப்பு. தள்ளலுக்கும் ஆதரவு முற்றாகப் போய்விடவில்லை. 2016-இல் ஜொனாதன் ஹோவர்டின் குழு காந்த மணிகளை இதே புழுக் கருவுக்குள் வைத்து, கதிர்க்கோலை வெளியிலிருந்து காந்தத்தால் நகர்த்திப் பார்த்தது. வெப்ப அதிர்வுகளுக்கு அசையாத அளவுக்கு இறுக்கமும், மோட்டார்கள் நகர்த்த விடும் அளவுக்கு நெகிழ்வும் உள்ள ஒரு பிடிமானம் அதை நடுவில் வைத்திருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் தள்ளல். அவர்கள் அளவீட்டை நான் நம்புகிறேன், விளக்கத்தை அல்ல. மேலே சொன்ன ஒரு-மோட்டார்-ஒரு-குழல் நிபந்தனையோடு சேர்த்தால் புறணி இழுப்பும் நடுவில் பிடித்து நிறுத்தும். புழுவின் முதல் செல்லுக்கு மட்டும் கேட்டால், என் ஓட்டு மூன்றாவது கட்சிக்கு.